தைவான் வாக்காளரும் எதிர்க்கரையும்

தைவானில் குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் உலகச் செய்தித்தாள்களில் ஒரே கேள்விதான் தலைப்பாகிறது: போரா, அமைதியா? 2024 ஜனவரி 13 அன்று நடந்த தேர்தலுக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. பெய்ஜிங்கின் தைவான் விவகார அலுவலகம் ஏறத்தாழ அதே சொற்களில் வாக்காளர்களை எச்சரித்தது. தைவானின் எதிர்க்கட்சியான குவோமிந்தாங்கும் தன் மேடைகளில் அதே கேள்வியை எழுப்பியது. சின்சு நகரில் ஆய்வு மாணவனாகச் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையிலும், அந்நாட்டுக் கருத்துக்கணிப்புகளை அன்று முதல் விடாமல் படித்து வருபவன் என்ற முறையிலும், இந்தக் கேள்வி அம்மக்களுக்கு அநீதி செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சீனாவைப் பற்றிய அவர்களுடைய எண்ணம் ஒரு தேர்தலில் பிறப்பதும் இல்லை, ஒரு தேர்தலோடு மாறுவதும் இல்லை. முப்பது ஆண்டுகளாக மெல்ல மெல்லப் படிந்து உறுதிப்பட்ட எண்ணம் அது. அதன் மேல் நின்றுகொண்டுதான் அவர்கள் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் ஊழலையும் பற்றி வாக்களிக்கிறார்கள். அந்த அடித்தளத்தையும் வாக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள், பெய்ஜிங் உட்பட, ஒவ்வொரு முறையும் முடிவைத் தவறாகப் படிக்கிறார்கள்.

தைபேயில் உள்ள தேசிய செங்சி பல்கலைக்கழகத்தின் தேர்தல் ஆய்வு மையம் 1992 முதல் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்டு வருகிறது: நீங்கள் உங்களைத் தைவானியர் என்று கருதுகிறீர்களா, சீனர் என்று கருதுகிறீர்களா, இரண்டும் என்றா? முதல் ஆண்டில் தைவானியர் என்றவர்கள் 17.6 சதவீதம், சீனர் என்றவர்கள் 25.5 சதவீதம், இரண்டும்தான் என்றவர்கள் 46.4 சதவீதம். இன்று தைவானியர் மட்டுமே என்போர் 60 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறார்கள், இரண்டும் என்போர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறார்கள், சீனர் மட்டுமே என்போர் மூன்று சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இவ்வளவு தூரம் மாறியதற்கு எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை. இந்த எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

என்னை அதிகம் சிந்திக்க வைப்பது அதே மையம் 1994 முதல் கேட்டு வரும் மற்றொரு கேள்வி. சீனாவோடு இணைய வேண்டுமா, தனி நாடாக அறிவித்துக்கொள்ள வேண்டுமா, இப்போதுள்ள நிலையே தொடர வேண்டுமா என்பது அதன் சாரம். உடனே இணைய வேண்டும் என்போர் இன்று ஏறத்தாழ ஒரு சதவீதம். உடனே தனி நாடு என்று அறிவிக்க வேண்டும் என்போர் நான்கு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறார்கள். மீதமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் இப்போதுள்ள நிலையைத்தான் விரும்புகிறார்கள். இதைப் பார்க்கும் வெளியாட்கள், இம்மக்களுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்ற எண்ணத்துக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெரும்பான்மைக்குள் நடந்திருக்கும் மாற்றத்தைக் கவனியுங்கள். 1994-இல் 'இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், பிறகு முடிவு செய்வோம்' என்றவர்கள் 38.5 சதவீதம்; 'எப்போதும் இப்படியே இருக்கட்டும்' என்றவர்கள் 9.8 சதவீதம் மட்டுமே. இன்று இரண்டாவது விடையைச் சொல்பவர்கள் மூன்றில் ஒரு பங்காகப் பெருகி முதலிடத்துக்கு வந்திருக்கிறார்கள். முடிவைத் தள்ளிப்போட்டவர்கள் பலர், தள்ளிப்போட்ட நிலையையே தங்கள் முடிவாக ஆக்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 1994-இல் விடையே சொல்லாதவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர் இருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 38 ஆண்டுகள் நீடித்த இராணுவச் சட்டம் 1987-இல்தான் விலக்கப்பட்டது. தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவர் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க அஞ்சிய தலைமுறை அது. அந்த மௌனமும் இப்போது பெருமளவு குறைந்துவிட்டது.

எதிர்க்கரையான சீனாவிலிருந்து வந்த மிரட்டல்கள் இந்தக் கருத்தை எப்படி வடித்தன என்பதற்கு வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது. 1996 மார்ச்சில் தைவான் மக்கள் முதன்முறையாகத் தங்கள் குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவிருந்தபோது, சீனா கீலுங், காவ்சியுங் துறைமுகங்களுக்கு அருகிலுள்ள கடற்பகுதிகளில் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியது. பெய்ஜிங் எவரைத் தோற்கடிக்க விரும்பியதோ அந்த லீ தெங்-ஹுய் 54 சதவீத வாக்குகளோடு வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, வாக்குப்பதிவுக்கு மூன்று நாட்கள் இருக்கையில், சீனப் பிரதமர் ஜூ ரோங்ஜி தொலைக்காட்சியில் தோன்றித் தைவான் வாக்காளர்களைக் கடுமையாக எச்சரித்தார். மார்ச் 18 அன்று ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சென் ஷுய்-பியான் 39 சதவீத வாக்குகளோடு வென்று, ஐம்பது ஆண்டுக்கு மேல் நீடித்த குவோமிந்தாங் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தார். மிரட்டலால்தான் அவர் வென்றார் என்று சொல்ல மாட்டேன். குவோமிந்தாங் வாக்குகள், கட்சியிலிருந்து பிரிந்து நின்ற ஜேம்ஸ் சூங்குக்கும் கட்சி வேட்பாளர் லியென் சானுக்கும் இடையே பிளவுபட்டதே முதன்மைக் காரணம். ஆனால் மிரட்டல் தன் நோக்கத்தை எட்டவில்லை என்பது உறுதி.

மிரட்டுவது பயன்தராது என்றால் அரவணைப்பது பயன்தருமா? குவோமிந்தாங்கின் மா யிங்-ஜோ 2008-இல் 58 சதவீத வாக்குகளோடு வென்றபின் நடந்தது அந்தச் சோதனைதான். நேரடி விமானங்கள் பறந்தன, சீனச் சுற்றுலாப் பயணிகள் பேருந்து பேருந்தாக வந்திறங்கினர், 2010-இல் பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. 2012-இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே சீனாவோடு வணிகமும் போக்குவரத்தும் வைத்துக்கொள்வதை அவர்கள் வெறுத்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அதே ஆண்டுகளில்தான் தைவானியர் மட்டுமே என்று தங்களைச் சொல்லிக்கொள்வோர் எண்ணிக்கையும் ஏறியது. சீனாவோடான சேவை வணிக உடன்படிக்கையை முறையான விவாதமின்றி நிறைவேற்ற முயன்றபோது, 2014 மார்ச் 18 அன்று மாணவர்கள் நாடாளுமன்ற மண்டபத்துக்குள் புகுந்து ஏப்ரல் 10 வரை அங்கேயே தங்கிவிட்டார்கள். நெருங்கிப் பழகப் பழக, இரு கரைகளிலும் வாழ்க்கை எவ்வளவு வேறுபட்டது என்பதுதான் அவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

இந்த நீண்ட ஓட்டத்தை ஒரு வீட்டுக்குள் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னோடு ஆய்வகத்தில் இருந்த தோழி ஒருவரின் தந்தை தெற்கே பிங்துங் மாவட்டத்தில் அன்னாசி பயிரிடுபவர். 2021 மார்ச்சில் சீனா, பூச்சி இருப்பதாகக் காரணம் காட்டித் தைவான் அன்னாசிக்குத் தடை விதித்தது; அதுவரை ஏற்றுமதியான பழத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அங்குதான் போய்க்கொண்டிருந்தது. அறுவடை தொடங்கும் பருவம் அது. அரசு உள்நாட்டு மக்களை வாங்கச் சொல்லிப் பெரும் பரப்புரை செய்தது, ஜப்பான் கூடுதலாக வாங்கியது, விலை கையைக் கடிக்கவில்லை. ஒரு விடுமுறையில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் பழத்தைக் கீற்றுக் கீற்றாக அறுத்து எங்கள் முன் வைத்தபடியே அந்தப் பெரியவர் பேசினார். தோழி எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் கதவைச் சாத்துகிற வாங்குபவனை நம்பி இனி ஒரு குழி கூட நட மாட்டேன் என்றார். அதே மூச்சில், உர விலையையும் கூலியாள் பற்றாக்குறையையும் கண்டுகொள்ளாத ஆளுங்கட்சியையும் வெளுத்து வாங்கினார். சீனாவைப் பற்றி அவருக்கு மனம் இறுகிவிட்டது. ஆனால் அதனால் ஆளுங்கட்சிக்கு அவருடைய வாக்கு அடமானம் ஆகிவிடவில்லை. ஆளும் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் கோட்டையான தெற்கிலேயே இப்படி என்றால், மற்ற பகுதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2018 முதல் 2020 வரை நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில், அப்போதைய குடியரசுத் தலைவர் சாய் இங்-வென்னின் ஜனநாயக முற்போக்குக் கட்சி மோசமாகத் தோற்றது; அவர் கட்சித் தலைமையிலிருந்து விலகினார்; காவ்சியுங் நகரையே ஹான் குவோ-யூ என்ற குவோமிந்தாங் வேட்பாளர் கைப்பற்றினார். சாய் இரண்டாம் முறை வெல்ல மாட்டார் என்பதே பொதுவான கணிப்பு. 2019 ஜனவரி 2 அன்று ஷி ஜின்பிங், 'ஒரு நாடு, இரு அமைப்புகள்' என்ற ஏற்பாட்டைத் தைவானுக்கும் கொண்டுவருவது பற்றி உரையாற்றினார். சில மாதங்களில் அந்த ஏற்பாட்டின் கீழ் ஏற்கெனவே வாழும் ஹாங்காங் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஹாங்காங்கில் கிளர்ச்சியைத் தூண்டிய, குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் சட்ட முன்வரைவுக்கே, 2018-இல் தைபேயில் நடந்த ஒரு கொலை வழக்குதான் காரணமாகக் காட்டப்பட்டது என்பதை நினைத்தால், இரு ஊர்களின் விதியும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தது என்பது விளங்கும். கண்ணீர்ப்புகையும் தடியடியும் தைவான் வீடுகளின் தொலைக்காட்சியில் இரவுதோறும் ஓடின. 2020 ஜனவரியில் சாய் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, 57 சதவீதத்தோடு வென்றார். சீனா என்ற கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் பின்னுக்குத் தள்ளிய தேர்தல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அது விதிவிலக்கு என்பதை மறந்து, அதையே விதியாக எடுத்துக்கொண்டதால்தான் 2024-ஐப் பற்றிய பல கணிப்புகள் பிசகின.

2024-இல் களத்தில் மூவர். ஆளுங்கட்சியின் லாய் சிங்-தே, குவோமிந்தாங்கின் ஹோ யூ-யி, தைபேயின் முன்னாள் மேயரும் மருத்துவருமான கோ வென்-ஜே. ஃபாக்ஸ்கான் நிறுவனர் டெரி கௌவும் சுயேச்சையாகக் களமிறங்கப் பார்த்து, நவம்பர் இறுதியில் விலகிக்கொண்டார். அதற்குச் சற்று முன்புதான் சீனாவில் அந்நிறுவனத்தின் கிளைகளில் வரிச் சோதனை நடப்பதாகச் செய்தி வந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி தயாரிக்கும் அதே ஃபாக்ஸ்கான்தான் என்பதால் நம்மூரிலும் பலருக்கு அந்தப் பெயர் பழக்கம்.

அந்தத் தேர்தலில் கருத்துக்கணிப்பே ஒரு பாத்திரமாக மேடையேறியது. எதிர்க்கட்சி வேட்பாளர்களான ஹோவும் கோ வென்-ஜேவும் தனித்தனியாக நின்றால் லாய் வென்றுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நவம்பர் 15 அன்று, முன்னாள் தலைவர் மா யிங்-ஜோவின் முன்னிலையில், யார் தலைவர் வேட்பாளர், யார் துணைத் தலைவர் வேட்பாளர் என்பதைக் கருத்துக்கணிப்புகளை வைத்து முடிவு செய்வதாக இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டன. வேறுபாடு புள்ளியியல் பிழை வரம்புக்குள் இருந்தால் அந்தக் கணிப்பில் ஹோவுக்கு வெற்றி என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. வல்லுநர்கள் கணிப்புகளை எடுத்துவைத்துப் பார்க்கத் தொடங்கியதும் சண்டை வெடித்தது: பிழை வரம்பு கூட்டல் கழித்தல் மூன்று என்றால், இரு அணிகளுக்கு இடையேயான வேறுபாட்டுக்கு வரம்பு மூன்று புள்ளியா, ஆறு புள்ளியா? ஹோ ஐந்து கணிப்புகளில் வென்றார் என்றது குவோமிந்தாங். இருவரும் மும்மூன்று வென்றோம் என்றது கோவின் கட்சி. ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்ட விடைகளைக் கொண்டு நாட்டின் தலைமையையே தீர்மானிக்க முயன்றதும், அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காததும் என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத பொறுப்பின்மை. நவம்பர் 23 அன்று தைபே நட்சத்திர விடுதி ஒன்றில் நேரலையில் எல்லோர் கண்முன்னும் அந்தக் கூட்டணி முறிந்தது. கருத்துக்கணிப்பு என்பது மக்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று காட்டும் கருவி. நூலிழை வேறுபாட்டில் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தராசாக அதைப் பயன்படுத்த முடியாது. தைவானின் தேர்தல் சட்டமும் இதை உணர்ந்தே, வாக்குப்பதிவுக்கு முந்தைய பத்து நாட்களில் கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது.

இளைஞர்கள் பெருமளவில் கோவின் பக்கம் போனார்கள். பெய்ஜிங்கைப் பற்றிய அச்சம் அவர்களுக்குக் குறைந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். நான் பேசிய இருபதுகளில் இருந்தவர்கள் எவரும் அப்படிச் சொல்லவில்லை. தைபேயில் ஓர் அறை வாங்க ஆயுள் முழுக்கச் சம்பாதித்தாலும் போதாது என்றார்கள், இரண்டு பெரிய கட்சிகளும் தங்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்றார்கள். இதனோடு ஒட்டி, வெளியே அதிகம் பேசப்படாத ஓர் உண்மையையும் குறிப்பிட வேண்டும். கட்டாய இராணுவப் பணி நான்கு மாதங்களிலிருந்து ஓராண்டாக நீட்டிக்கப்பட்டு 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2005 முதல் பிறந்த ஆண்களுக்கே அது பொருந்தும். தைவானில் வாக்களிக்கும் வயது 20. ஆக, அந்த ஓராண்டைத் துப்பாக்கியோடு கழிக்க வேண்டிய இளைஞர்களில் ஒருவருக்குக்கூட 2024 ஜனவரியில் வாக்குரிமை இல்லை. வயது வரம்பை 18 ஆகக் குறைக்க 2022 நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பு போதிய ஆதரவின்றித் தோற்றிருந்தது. போரா அமைதியா என்ற கேள்வி எவருடைய உடம்பை நேரடியாகத் தொடுகிறதோ, அவர்களிடம் எவரும் கேட்கவே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சீனாவுக்கு மிக அருகில் இருப்பவர்கள்தான் அதிகம் அஞ்சுவார்கள் என்று நினைப்பதும் இயல்பு. தைவான் ஆட்சியிலுள்ள கின்மென் தீவு சீனாவின் சியாமென் நகருக்கு எதிரே, கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது. 1958 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கி 44 நாட்களில் சீனா வீசிய நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் அங்கே விழுந்தன. பிறகும் ஒன்றுவிட்டொரு நாள் என்ற கணக்கில் 1979 புத்தாண்டு வரை வீச்சு தொடர்ந்தது. அந்த எறிகுண்டு உலோகத்தை உருக்கி அடித்த சமையல் கத்திகளை இன்றும் கடைகளில் விற்கிறார்கள். அந்தத் தீவுதான் தேர்தலுக்குத் தேர்தல் குவோமிந்தாங்குக்குப் பெரும்பான்மை தருகிறது. 2018 முதல் அவர்கள் குடிக்கும் நீரில் ஒரு பகுதி சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து கடலடிக் குழாய் வழியே வருகிறது. சியாமெனோடு பாலம் வேண்டுமா என்ற விவாதத்தைக் கோ வென்-ஜே பிரசாரத்திலேயே எழுப்பினார். குண்டு விழுந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் இனி குண்டு விழாதிருக்க வழி தேடுகிறார்கள். அதைத் துரோகம் என்று தைவானின் முதன்மைத் தீவில் சிலர் பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தேர்தலுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், ஜனவரி 9 பிற்பகலில், நாடு முழுவதும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. சீனா ஏவிய செயற்கைக்கோள் ஒன்று தைவானின் தெற்கு வான்பரப்பைக் கடந்தது. எச்சரிக்கையின் சீனமொழி வடிவத்தில் செயற்கைக்கோள் என்றும் ஆங்கில வடிவத்தில் ஏவுகணை என்றும் இருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. மறுநாள் வெளியான பேட்டியில் மா யிங்-ஜோ, இரு கரை உறவைப் பொறுத்தவரை ஷி ஜின்பிங்கை நம்ப வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவருடைய சொந்தக் கட்சி வேட்பாளரான ஹோவே அதிலிருந்து விலகி நின்றார். இறுதிப் பொதுக்கூட்ட மேடையில் மா தென்படவில்லை. சீனாவோடு பேச்சுவார்த்தை வேண்டும் என்று கோரும் கட்சிகூட அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வாக்காளர் முன் போக முடியாது என்பதுதான் அடித்தளக் கருத்தின் வலிமை. எந்தக் கருத்துக்கணிப்பையும்விட எனக்கு அது தெளிவாகப் பேசியது.

வாக்குப்பதிவு நாளில் அஞ்சல் வாக்கோ வெளியூர் வாக்கோ கிடையாது; குடும்பப் பதிவு உள்ள ஊருக்கே போய்த்தான் வாக்களிக்க வேண்டும். முந்தைய இரவே ரயில்கள் நிரம்பி வழிந்தன. மாலை நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே பள்ளி அறையில் எண்ணிக்கை தொடங்கியது; நானும் பார்வையாளர்களுள் ஒருவனாக நின்றேன். மின்னணு இயந்திரத்துக்குப் பழகிய நமக்கு அது வியப்பான காட்சி. அலுவலர் ஒருவர் வாக்குச்சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, விரித்து, தலைக்கு மேல் உயர்த்தி எல்லோருக்கும் காட்டி, வேட்பாளரின் எண்ணை உரக்கச் சொல்கிறார். சுவரில் ஒட்டிய தாளில் மற்றொருவர் ஒரு கோடு இழுக்கிறார். ஐந்து கோடுகள் சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுமை பெறுகிறது. சந்தைக்குப் போகும் வழியில் பையோடு வந்து நின்ற பாட்டியும், குழந்தையைத் தோளில் ஏற்றியிருந்த தந்தையும், ஒவ்வொரு கோட்டையும் தாங்களே எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற அறையில் மூன்று வேட்பாளர்களின் வரிசைகளும் ஏறக்குறைய சமமாகவே நீண்டுகொண்டு போயின.

நாடு முழுவதும் லாய்க்கு 40.05 சதவீதம், ஹோவுக்கு 33.49 சதவீதம், கோவுக்கு 26.46 சதவீதம். 1996-க்குப் பின் எந்தக் கட்சியும் தொடர்ந்து மூன்றாம் முறை குடியரசுத் தலைவர் பதவியை வென்றதில்லை. லாய் அதைச் சாதித்தார். அதே நாளில் அதே வாக்காளர்கள் 113 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அவருடைய கட்சிக்கு 51 இடங்களை மட்டும் கொடுத்து, குவோமிந்தாங்குக்கு 52, கோவின் கட்சிக்கு 8 என்று பங்கிட்டார்கள். பெய்ஜிங் உடனே, இந்த முடிவு தீவின் பெரும்பான்மைக் கருத்தை லாயின் கட்சி பிரதிபலிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது என்றது. கணக்கு சரி, பொருள் தவறு. லாய்க்கு வாக்களிக்காத 60 சதவீதத்தினர் பெய்ஜிங்குக்கு வாக்களித்தவர்கள் அல்லர். இணைப்பை முன்வைத்து அந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற வேட்பாளர் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கட்டுத்தொகை மிஞ்சியிருக்காது.

அதே தவற்றை மறுமுனையிலிருந்து ஆளுங்கட்சி ஆதரவாளர்களும் செய்தார்கள் என்பது 2025-இல் தெரிந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து அரசின் கையைக் கட்டிப்போட்டபோது, குவோமிந்தாங் உறுப்பினர்களைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் இயக்கம் ஒன்று கிளம்பியது. அவர்கள் சீனாவுக்குத் துணைபோகிறார்கள் என்பதே இயக்கத்தின் முழக்கம். ஜூலை 26 அன்று 24 உறுப்பினர்கள் மீது வாக்கெடுப்பு நடந்தது. ஒருவரும் பதவி இழக்கவில்லை. ஆகஸ்ட் 23 அன்று மேலும் ஏழு பேர் மீது நடந்தது; அதிலும் ஒருவரும் இழக்கவில்லை. தைவானியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அதே மக்கள்தான், எதிர்க்கட்சிக்கு வாக்களித்த தங்கள் அண்டை வீட்டாரைச் சீனாவின் ஆட்கள் என்று ஏற்க மறுத்தார்கள். அந்த மறுப்பை நான் அவர்களுடைய அரசியல் முதிர்ச்சிக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். 2028-இல் அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நிற்கப்போகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், வீட்டு வாடகைக்கு என்ன வழி என்று அவரிடம் அவர்கள் முதலில் கேட்பார்கள். எதிர்க்கரையைப் பற்றி அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டபடியேதான் அதைக் கேட்பார்கள்.